புளோறன்ஸ் வீட்டுப் பிறிட்ஜ்

நமசிவாயம்: ...முருகன் ஆணை, றவூப். நான் சொல்லப்போறதில ஒரு சொல்லும் பொய்யில்லை. எழுதும்.

றவூப்: மெதுவா ஐயா, மெதுவா. சமாதான நீதவான், ஜே.பி. சீல் குத்துறதுக்கு ஒரு முறை ஈக்கி. "இந்துவாகிய நான், வெள்ளவத்தையில் வசித்து, ஜூலைக் கலவரத்தின் பின் கொட்டாஞ்சேனையில் தங்கியிருக்கும் சுப்பையா நமசிவாயம், வயது எழுபத்தொன்று, பயபக்தியுடன் உறுதியளிப்பதாவது..."

நமசிவாயம்: எழுபது. சத்தியக்கடதாசியில பொய் எழுதக்கூடாது.

றவூப்: சரி, எழுபது. விசயத்துக்கு வாங்க.

நமசிவாயம்: பொலிஸ் பிடிச்சு மறியலில போட்டிருக்கிற புளோறன்ஸ் கள்ளியில்லை. அவளின்ர வீட்டில கிடந்த பிறிட்ஜ் என்ர. அதை நான்தான் அவளுக்குச் சும்மா குடுத்தனான். ஜூலை பத்தாந் திகதி. கலவரத்துக்கு ரெண்டு கிழமைக்கு முந்தி.

றவூப்: புளோறன்ஸ்... உங்கட ஊட்டுல உடுப்புக் கழுவுன சிங்களப் பொம்பளையா?

நமசிவாயம்: ஓம். வாய்க்கால் கரையில பலகை வீடு. புருசன் இல்லை, மூண்டு பிள்ளையள். திங்கட்கிழமை வழக்கு. இந்தக் கடதாசி போகாட்டில் அவள் உள்ளுக்குத்தான்.

றவூப்: அந்தப் பலகை ஊட்டுல கரண்ட் ஈக்கா?

நமசிவாயம்: இல்லை.

றவூப்: கரண்ட் இல்லாத ஊட்டுக்குப் பிறிட்ஜ் குடுத்தீங்க.

நமசிவாயம்: அவள் கேட்டது எலி போகாத பெட்டி. அரிசியும் பிள்ளையளின்ர கொப்பியளும் வைக்க. எங்கட பிறிட்ஜுக்குள்ள எலி போய் நான் காணேல்லை.

றவூப்: பழுதான பிறிட்ஜா?

நமசிவாயம்: பழுதில்லை, இரைச்சல். அதின்ர இரைச்சலைக் கேட்டு ரெயில் வருதாக்குமெண்டு மூண்டு பேர் எங்கட கேற்றடியில சூட்கேசோட வந்து நிண்டவை. ஒருத்தர் மாத்தறைக்கு டிக்கெற்றும் கேட்டவர்.

றவூப்: ...இதயும் எழுதவா?

நமசிவாயம்: ஒரு சொல்லும் விடாதேயும்.

றவூப்: எழுதினா நீதவான் என்ட சீலப் புடுங்கிடுவார்! உங்கட மிஸிஸ்கிட்ட கேட்டா குடுத்தீங்க?

நமசிவாயம்: ஜெகதீஸ்வரி அப்ப யாழ்ப்பாணத்தில, மகளோட. கேட்டிருந்தா என்னைக் குடுத்திருப்பா, பிறிட்ஜைக் குடுத்திருக்க மாட்டா.

றவூப்: ஹ்ம்... எப்பிடிக் கொண்டு போனீங்க?

நமசிவாயம்: கைவண்டிலில.

றவூப்: வண்டில்காரன் பேர்?

நமசிவாயம்: செத்திட்டான்.

றவூப்: பேரு கேட்டேன் ஐயா.

நமசிவாயம்: செத்தவனுக்குப் பேர் எதுக்கு?

றவூப்: யா அல்லாஹ்... நான் ஒண்டு சொல்லவா? "கலவரத்தில் என் பொருளை அவள் பத்திரமாக வைத்திருந்தாள், திருப்பித் தருவதற்காக" அப்பிடி எழுதுவம். கேக்கவும் நல்லா ஈக்கும்.

நமசிவாயம்: வேண்டாம்.

றவூப்: ஏன்?

நமசிவாயம்: தமிழன்ர சாமானைக் காத்தவள் எண்டு கோர்ட்டில வாசிச்சா, பின்னேரத்துக்கிடையில வாய்க்கால் கரைக்குத் தெரிஞ்சிடும். லிஸ்ட்காரன் இன்னும் அங்கதான் திரியிறான். பலகை வீட்டுக்கு ஒரு நெருப்புக்குச்சி போதும்.

றவூப்: எந்த லிஸ்ட்காரன்?

நமசிவாயம்: லொறியில வந்திறங்கினவன். கையில வாக்காளர் இடாப்பு. நம்பரைப் பார்த்துப் பார்த்து, இது தமிழ் வீடு, இது இல்லை எண்டு விரலைக் காட்டினவன். ஒரு தேத்தண்ணிக் கரண்டிகூட எடுக்கேல்லை, றவூப். நல்ல ஒழுக்கம். அதால அவனைப் பிடிக்கவும் ஏலாது. அவனிட்டக் களவுச்சாமான் இல்லையே.

றவூப்: எடுத்தது வாய்க்கால் கரை ஆக்கள்தானே?

நமசிவாயம்: எடுத்தவைதான். ஏன் மறைக்கவேணும்? ஒருத்தன் எங்கட ஜன்னல் சீலையைக் கழட்டினவன். அவன்ர வீட்டில ஜன்னலே இல்லை.

றவூப்: சிரிக்க ஏலாது ஐயா இதுக்கு.

நமசிவாயம்: நான் சிரிக்கேல்லையே. எங்கட ஒழுங்கையில ஆறு வீடு, பத்துப் பதினைஞ்சு குழாய். அங்க நூற்றிருபது வீட்டுக்கு ஒரு குழாய். அரிசிக் கூப்பனையும் வெட்டியாச்சு, பாண் விலையும் ஏறிப்போச்சு. காலி வீதிக் கடைக் கண்ணாடிக்குள்ள கலர் ரீவி வந்து நிக்குது. அவையள் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போறவை... வேலை இருக்கிறவை.

றவூப்: அதுக்கு ஊட்ட உடைக்கிறதா? இங்க கிராண்ட்பாஸிலயும்தான் குழாயடியில சனம் நிக்குது.

நமசிவாயம்: நியாயம் எண்டு நான் சொல்லேல்லை. என்ர நாப்பது வருசச் சீவியம் ஒரு மத்தியானத்தில போயிட்டுது. லொறி வந்திராட்டில், அண்டைக்கும் அவையள் வாளியோட வரிசையில நிண்டிருப்பினம். லொறியில வந்து, "எடுங்கோ, பொலிஸ் வராது" எண்டவன். பொலிஸும் வரேல்லை. சொன்ன சொல்லைக் காப்பாத்தின ஒரே அரசியல்வாதி அவன்தான்.

றவூப்: ...உங்களுக்கு அவங்க மேல கோவம் இல்லையா?

நமசிவாயம்: இருக்குது. ஜன்னல் சீலைக்காரன் வீதியில கண்டு "மாத்தயா, கொஹொமத" எண்டு சுகம் கேட்டவன். நான் வீதியின்ர மற்றப் பக்கம் மாறி நடந்தனான். ஆனா புளோறன்ஸ் வேற கணக்கு.

றவூப்: அவகிட்டக் கேட்டீங்களா, பொலிசுல என்ன சொன்னாண்டு?

நமசிவாயம்: வாயே திறக்கேல்லையாம். அடிச்சும் திறக்கேல்லை.

றவூப்: நீங்க குடுத்த பிறிட்ஜ்ண்டா, "ஐயா தந்தார்" எண்டு சொல்லிட்டு வந்திருக்கலாமே.

நமசிவாயம்: ...அவளுக்குக் கூச்சம்.

றவூப்: அடி வாங்கிக்கிட்டுமா கூச்சம்?

நமசிவாயம்: நீர் எழுதும், றவூப். பத்தாந் திகதி. ஞாயிற்றுக்கிழமை. நன்கொடை.

றவூப்: சரி... "மேற்படி குளிர்சாதனப் பெட்டியை என் சுயவிருப்பத்தின் பேரில், எவருடைய வற்புறுத்தலுமின்றி, மேற்படி புளோறன்ஸுக்கு நன்கொடையாக அளித்தேன்." ரெயில் கதைய விட்டுட்டேன்.

நமசிவாயம்: அதுதானே நல்ல இடம்.

றவூப்: இங்க ஒப்பம் போடுங்க. பேனை எழுதல்லையா?

நமசிவாயம்: பேனை உம்மட. அதுக்குப் பயபக்தி கூடிப்போச்சு.

றவூப்: இந்தா, சீலும் குத்தியாச்சு. திங்கட்கிழமை நானும் வாறன். இப்ப பேனைய மூடிட்டேன், எனக்கு மட்டும் சொல்லுங்க. பொலிசுகிட்ட ஒரு சாட்சி ஈக்காம். இருபத்தஞ்சாந் திகதி, கலவரம் நடக்கக்குள்ள, புளோறன்ஸ் அந்தப் பிறிட்ஜ முன்பக்கம் புடிச்சுத் தூக்கிட்டு சனத்துக்கு நடுவால போனாவாம். பின்பக்கம் புடிச்சது தலையில துவாயச் சுத்தின ஒரு கிழவனாம். அந்தக் கள்ளன் ஆரு ஐயா?

நமசிவாயம்: நான்தான், றவூப்... அண்டைக்குக் கையில சாமானோட போறவனை மட்டுந்தான் ஒருத்தரும் "நீ ஆர்" எண்டு கேக்கேல்லை.