நாற்பத்து மூன்று நோட்டுகளைக் கழிக்க மறுக்கும் மடல்

தூசியைத் தட்டித் துலங்காப் பெயர்களைத் துலக்கிய தூயவரே! ஏட்டில் இடமில்லாத பெண்களுக்குப் பதிவெண்ணும் இடமும் தந்த ஏந்தலே! எங்கள் ஆவணக் காப்பகத்தின் மகளிர் வரலாற்றுப் பிரிவுத் தலைவியே! வணக்கம்.

உங்கள் பாராட்டு விழாவில் இம்மடலைப் படித்து வாழ்த்துமுன் ஒரு வழக்கு. சென்ற திங்களன்று நீங்கள் தந்த கழிவு ஏடுகளின் பட்டியலில் கடைசி வரி இது: "நோட்டுகள், நாற்பத்து மூன்று. சொந்தக் குறிப்பு. தேவையில்லை." கையெழுத்து உங்களுடையது. நோட்டுகளும் உங்களுடையவை! முப்பத்தோராண்டுகள் வீடு வீடாகப் படி ஏறி இறங்கி, பெண்கள் வாய்திறந்து சொன்னதையும் சொல்லாமல் விழுங்கியதையும் கேட்டு எழுதியவை. நாளைக் காலை அவற்றை ஏற்றிப்போக வண்டி வருகிறது.

பதறாமல் என்ன செய்வோம்? ஒன்பதாண்டுகளுக்கு முன் இதே முற்றத்தில் ஒரு லாரி நின்றது. தொலைபேசி நிலையத்தின் பழைய பணிப்பதிவேடுகளை, வெறும் வருகைக் கணக்கு என்று நாங்கள்தாம் மூட்டை கட்டி ஏற்றினோம். என்ஜின் உறுமியது. ஓடி வந்து குறுக்கே நின்றீர்கள்.

"தள்ளுங்கம்மா, இன்னும் ரெண்டு டிரிப் இருக்கு" என்றார் ஓட்டுநர்.

"அப்ப என்னையும் ஏத்திக்கோங்க தம்பி. எடைக்குப் போட்டா நானும் பழைய பேப்பர்தான்!"

சிரித்துவிட்டார் மனிதர், என்ஜினை அணைத்தார். மூட்டையைப் பிரித்தீர்கள். பெருவெள்ளத்தில் ஊரே மூழ்கிய மூன்று நாளும் இருக்கையை விட்டு எழாமல் இணைப்புக் கொடுத்த ஒன்பது பெண்களின் பெயர்கள்! ஊர் அதுவரை அறிந்தது, பதக்கம் வாங்கிய மேலதிகாரி ஒருவரை மட்டுமே. ஒன்பதையும் பெரிய எழுத்தில் எழுதிப் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டினீர்கள். பையோடு நின்ற ஒரு பெண்மணி விரல் வைத்துப் படித்தார். "மூணாவது பேரு எங்கம்மா. வேலைக்குப் போனாங்கன்னே எங்ககிட்ட யாரும் சொல்லலையே!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்று வாய்பிளந்து நின்றோம். அந்த வியப்பு இன்னும் அடங்கவில்லை.

அப்பேர்ப்பட்ட கண்ணுக்குத் தன் உழைப்பு மட்டும் குப்பையாகத் தெரிந்ததே, அதிசயம்!

கேட்டோம். "அதுல நான் யாரு? எழுதி வச்சவ, அவ்வளவுதான். ஆளை விடுங்க" என்றீர்கள். தலைவி இட்ட கையொப்பத்தை அடிக்க எங்களுக்கு அதிகாரமில்லை.

விதிப்புத்தகம் இருக்கிறதே! வாசகர் கேட்டு வாங்கிய எந்த ஏட்டையும் ஐந்தாண்டுகளுக்குக் கழிக்கக் கூடாது என்கிறது பன்னிரண்டாம் விதி. ஆகவே அம்மையீர், இன்று காலை பத்து மணிக்கு நம் வாசகர் அறை நிரம்பி வழிந்தது. பைண்டர் வந்தார், அவர் மனைவி வந்தார், எதிர்த்தெரு மருந்துக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார், எங்கள் வீட்டார் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு சீட்டு, ஆளுக்கொரு நோட்டு. மதியத்துக்குள் நாற்பத்திரண்டு!

உங்களுக்குத் தெரியாமல் செய்த முதல் வேலை இது. மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

நோய் அண்டாமல், நடை தளராமல், நினைவு மங்காமல் நீடு வாழ்க!

முதல் வரிசையில் காலியாக இருக்கும் நாற்காலியையே பார்க்கிறீர்கள். அது உங்கள் நாத்தனாருடையது. "எங்க அண்ணி அப்படி என்னதான் எழுதினாங்க? கொடுங்க பார்ப்போம்" என்று நாற்பத்து மூன்றாவது சீட்டில் கையெழுத்திட்டவர், விழாவுக்கு அழைக்க நாங்கள் வாசகர் அறைக்குப் போனபோது நிமிரவேயில்லை.

"இருங்கப்பா, இன்னும் நாலு பக்கம்" என்றார்.

இங்ஙனம்,
வாசகர் அறை விளக்கை அணைக்காமல் வந்திருக்கும்
காப்பக ஊழியர்கள்