முன் இருக்கையிலிருந்து வந்த பதில்

என் பெயர் சூடாமணி. வயது நாற்பத்தெட்டு. காலஞ்சென்ற பத்மநாபனின் மூத்த மகள். மதுரை முனிச்சாலைப் பகுதியில் தம்பி கிரிதரன் குடும்பத்துடன் ஒரே வீட்டில் வசிக்கிறேன். தனியார் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். திருமணம் ஆகவில்லை. எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். இவ்வழக்கில் எதிரியாகக் காட்டப்பட்டுள்ள அழகுபாண்டியை ஒன்பது ஆண்டுகளாகத் தெரியும். என்னைக் கல்லூரிக்கு ஏற்றிச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடும் ஆட்டோ ஓட்டுநர் அவர். நான் அவரை அண்ணே என்றும், அவர் என்னை மேடம் என்றும் அழைப்பது வழக்கம்.

சென்ற ஆடி மாதம், கோவையில் இருக்கும் தங்கை ரம்யாஸ்ரீ என் விவரங்களை எங்கள் சமூகத்தாரின் திருமணத் தகவல் தளம் ஒன்றில் பதிவு செய்தாள். எனக்கு விருப்பமில்லை. இணைய மோசடி பற்றி மாணவிகளுக்கு நானே இரண்டு முறை வகுப்பெடுத்திருக்கிறேன். அதன் பிறகு சேலத்திலிருந்து துளசிராம், வயது ஐம்பது, மனைவியை இழந்தவர் என்று ஒருவர் புகைப்படத்துடன் எழுதினார். எங்கள் மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதினார். வழக்கப்படி முதலில் வீட்டுப்பெயரும் கோத்திரமும் கேட்டேன். சரியாகச் சொன்னார். அதன் பிறகு பதினொரு கேள்விகள் தயாரித்து வாரத்துக்கு ஒன்றாகக் கேட்டேன். எதிலும் தவறவில்லை. எங்கள் மொழி வெளியாருக்கு வராது என்பதால் அதற்கு மேல் விசாரிக்கத் தோன்றவில்லை. அவர் பணம் கேட்கவே இல்லை. குரலில் பேச வேண்டாம், எழுத்து போதும் என்ற நிபந்தனை என்னுடையது. குரல் கேட்டால் ஆளை எடைபோடத் தொடங்கிவிடுவேன் என்று பயந்தேன்.

விடைத்தாள் திருத்தும் நாட்களில் எனக்குத் தலைவலி வருவதையும், ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு ஆகாது என்பதையும் நான் எழுதாமலே அவர் அறிந்திருந்தார். என்னைப் போலவே நினைக்கிறவர் என்று எடுத்துக்கொண்டேன். இவை அனைத்தையும் ஆட்டோவில் போகும்போது போனில் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வரவில்லை. பிறர் முன்னால் வீட்டு விஷயம் பேச நேர்ந்தால் எங்கள் மொழிக்கு மாறிவிடுவது எங்கள் பழக்கம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அழகுபாண்டியின் மனைவி அன்னக்கொடி சிறுநீரகக் கோளாறில் இறந்தபோது நான் துக்கம் விசாரித்தேன். துளசிராம் தன் மனைவிக்கும் அதே நோய் என்று எழுதியபோதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டது நான். மூன்று முறை தட்டிக்கழித்தார். நான்காவது முறை, வராவிட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவேன் என்றேன். அதன் பிறகு, வருவதாக ஒரே வரியில் பதில் வந்தது. மார்ச் மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழகுபாண்டியின் ஆட்டோவிலேயே மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் சென்றேன். சொந்தக்காரர் வருகிறார் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். சேலத்திலிருந்து இரண்டு பேருந்துகள் வந்து காலியாயின. அதன் பிறகு ஆட்டோவில் உட்கார்ந்து தங்கையை அழைத்து, புதுப்புடவை கட்டிக்கொண்டு முட்டாள் போல நிற்கிறேன் என்று எங்கள் மொழியில் சொன்னேன்.

அப்போது அழகுபாண்டி திரும்பிப் பார்க்காமல், எங்கள் மொழியில் பேசினார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அவரு வரமாட்டாரு மேடம். வீட்டுக்குப் போயிருவோம்."

நான் நம்பவில்லை. துளசிராமின் எண்ணுக்கு ஒரு புள்ளி மட்டும் அனுப்பினேன். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், கைக்குட்டைக்கு அடியில் இருந்த போன் ஒலித்தது. தங்கை இணைப்பிலேயே இருந்தாள். என் போனை நானே அணைத்தேன். வேறு யாரும் அணைக்கவில்லை. அதன் பிறகு, "எங்கயாவது ஓட்டுங்க" என்று சொன்னேன். அண்ணே என்ற சொல் வாயில் வரவில்லை.

அவர் மேலூர் சாலையில் போய்த் திருவாதவூர்ப் பக்கம் திரும்பி, கண்மாய்க்கரையில் நிறுத்தினார். பேரையூரிலிருந்து பிழைக்க வந்து பதினாறு வருடம் எங்கள் தெருச் சாயப்பட்டறையில் வேலை பார்த்ததாகவும், மொழி அங்கே காதில் விழுந்து படிந்ததாகவும் சொன்னார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். "நீங்க பேசுறது அம்புட்டும் கேக்கும் மேடம். பதில் சொல்லணும்னு இருக்கும். அண்ணேன்னு கூப்புடுறவங்ககிட்ட நான் எப்படிப் பேசுறது?" என்றார். என்னைத் தொடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து நான் போனைத் திறந்து, இருக்கும் இடத்தைத் தங்கையிடம் சொன்னேன். அவள் சொல்லி, கிரிதரன் இரண்டு பேருடன் காரில் வந்து அவரை அடித்ததில் அவரது இடது கை முறிந்தது. அவர் என்னைக் கடத்தியதாகப் புகார் கொடுத்ததும் கிரிதரனே.

இன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில், பக்கத்தில் காவலர் நிற்கும்போதே கிரிதரன் எங்கள் மொழியில், "கடத்துனான்னு மட்டும் சொல்லுக்கா, மத்தது தெரிஞ்சா தெருவுல நடக்க முடியாது" என்றான். காவலருக்குப் புரிந்ததா என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அழகுபாண்டி பெயர், ஊர், புகைப்படம் மூன்றிலும் பொய் சொன்னார். அதற்கு நான் தனியாகப் புகார் தருவேனா என்று இன்று சொல்ல இயலவில்லை. அவர் என்னைக் கடத்தவில்லை. சம்பவத்துக்குப் பின் வந்த திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்குக் கல்லூரிப் பையுடன் வாசலில் நின்றேன். ஆட்டோ காவல் நிலையத்தில் இருப்பது சற்றுப் பொறுத்துத்தான் நினைவுக்கு வந்தது.

இவ்வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்ததை நானே படித்தேன். "அழைத்துச் செல்லப்பட்டேன்" என்றிருந்த இடத்தை அடித்து, "ஓட்டச் சொன்னேன்" என்று என் கையால் எழுதிச் சுருக்கொப்பம் இட்டுள்ளேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. எவர் சொல்லியும் சொல்லவில்லை.

(ஒப்பம்)
ப. சூடாமணி