ஏழும் எட்டும்

மட்டாஞ்சேரியில் ஜூன் மாதம் ஒரு சட்டை காய மூன்று நாள் ஆகும், சார். எங்கள் அரிசிக் கிடங்கில் ஈரம் இல்லாத இடம் கம்ப்யூட்டர் அறை ஒன்றுதான். அதனால்தான் நான் எந்நேரமும் அங்கேயே கிடந்தேன். பதவிக்கு ஆசைப்பட்டு அல்ல.

முதலாளி 1983இல் அந்த இயந்திரத்தை வாங்கியபோது அதைத் தொட ஆளில்லை. ஒரு வருடம் உட்கார்ந்து புரோகிராம் எழுதியவன் நான். எந்த அட்டியை, அதாவது எந்த மூட்டை அடுக்கை, வெளியே அனுப்பலாம், எதில் பூச்சி மருந்து வைத்திருக்கிறது என்று அது சீட்டு அடித்துக் கொடுக்கும். சங்கிலிப்பாண்டியும் நானும் கம்பத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். ஒரே பாயில் படுத்தவர்கள். அவன் முதலாளியிடம் போய், புரோகிராம் தன்னுடையது என்றான். மேனேஜர் ஆனான். நான் கேட்டபோது சிரித்தான்.

"யார் எழுதினா என்னடா வைத்தி, நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே."

அன்று வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

அதுவரை அட்டி எண் மாதம், தேதி, வரிசை என ஆறு இலக்கம். 1985 பிறந்ததும் சங்கிலி வருடத்தையும் முன்னால் சேர்க்கச் சொன்னான். எட்டு இலக்கமாயிற்று. நான் எண்களை வைத்திருந்த முறையில் இயந்திரம் ஏழு இலக்கம் வரைதான் பிசகாமல் நினைவு வைக்கும். அதற்கு மேல் போனால் கடைசி இலக்கத்தைப் பக்கத்து எண்ணுக்குத் தள்ளிவிடும். 85061407 என்று அடித்தால் 85061408 என்று வைத்துக்கொள்ளும். ஏழுக்கும் எட்டுக்கும் ஒரே இடம், கடைசியாக அடித்ததுதான் நிற்கும். மாற்ற ஒரு நாள் போதும். சொல்ல வாயெடுத்தேன்.

"முன்னால ரெண்டு இலக்கம் சேர்த்தா மதி, அது போதும். என் புரோகிராமுல வேற ஒண்ணும் நோண்ட வேண்டா."

"என்" என்றான், சார். என்னிடமே. சேர்த்துக் கொடுத்தேன்.

ஐந்து மாதம் தப்பாக வந்த சீட்டுகளை நானே கையால் திருத்தி அனுப்பினேன். ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஈரம் படாமல் எல்லா அட்டியையும் மூடியிருக்கும் தார்ப்பாயின் முதல் முனையை, சீட்டில் கையெழுத்துப் போட்டவர்தான் தூக்க வேண்டும். பிறகுதான் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் தொடுவார்கள். சங்கிலிக்கு அதில் பெருமை அதிகம்.

ஜூன் பதினைந்து, சனிக்கிழமை, மருந்துக்காரர் எட்டாம் அட்டியின் தார்ப்பாய்க்கடியில் விஷவாயு கக்கும் பூச்சி மருந்தை வைத்துக் கதவை அடைத்தார். சங்கிலி அன்று களமசேரியில், மாமியார் வீட்டில். எட்டைத் தொடக்கூடாது என்று அடித்தேன். அடுத்து, ஏழாம் அட்டியை அனுப்பலாம் என்று அடித்தேன். திங்கட்கிழமை, எட்டை அனுப்பலாம் என்று சீட்டு வந்தது. நான் திருத்தவில்லை. சங்கிலி கையெழுத்துப் போட்டான்.

சுமட்டுக்காரர்களின் தலைவர் நாணு சேட்டன் சீட்டைத் திருப்பிப் பார்த்து, சரிபார்த்ததுதானா என்று கேட்டார். "வைத்தி, இது நோக்கியதாணோ?"

"மேனேஜர் புரோகிராம் சேட்டா, தப்பாது" என்றேன்.

சுக்கும் உலர்மீனும் மணக்கும் தெருவில் மருந்து வாடையை யார் கண்டுபிடிப்பார்கள்? சங்கிலி தார்ப்பாய்க்கடியிலேயே விழுந்து செத்தான். தூக்கப் போன நாணு சேட்டன் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவர் உள்ளே போவார் என்று நான் நினைக்கவில்லை. அது வருத்தம்தான்.

பூச்சி எட்டாம் அட்டியில் இல்லையே என்று கேட்டீர்கள். சரிதான், மூன்றாம் அட்டியில்தான் இருந்தது. மருந்துக்காரரிடம் எட்டைக் காட்டியவன் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். புரோகிராம் எழுதியது வைத்தீஸ்வரன் என்று மட்டும் முதல் வரியிலேயே இருக்கட்டும்.