ஏழாவது குடும்பம்

"தனிக்கட்டைக்கு எதுக்குப் பெரியவரே தனி வீடு? நீங்க காலி பண்ணுங்க!" என்று மேல்வீட்டு எலக்ட்ரீஷியன் மாடிப்படியில் நின்று கத்தியபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன். அடுத்த வீட்டுச் சண்டை காதில் விழாவிட்டால் எனக்குத் துணி சரியாக மடியாது, சார்.

"எனக்கு ஏது தம்பி போக்கிடம்? இங்கேருந்து கிளம்பினா நேரா சுடுகாடுதான்," என்றார் கடிகாரம் ரிப்பேர் செய்பவர்.

"அதுக்காவது ஒரு தேதி சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

எங்கள் கட்டடம் இருக்கும் அளவு மனையில் ஆறு குடும்பம்தான் இருக்கலாம் என்பது நகரமைப்பு விதி. நாங்கள் ஏழு. கடிகாரக்காரருடையது வெறும் ஒற்றை அறை, அதை வீடாக எண்ணக்கூடாது என்று எங்கள் வக்கீல் வாதாடிப் பார்த்தார். நீதிபதி ஒப்பவில்லை. விதி எண்ணச் சொல்வது அறையை அல்ல, குடும்பத்தை. ஒற்றை ஆளானாலும் தனி அடுப்பு எரிந்தால் அது ஒரு குடும்பம் என்றார். மாத முடிவுக்குள் ஒரு குடும்பம் குறையாவிட்டால் கட்டடத்துக்கே சீல். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கடிகாரக்காரருக்கு மூச்சிரைப்பு உண்டு. மூச்சு முட்டினால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரைத் தட்டுவார். என்னிடமிருந்த சாவியால் திறந்து மருந்தை எடுத்துக் கொடுப்பேன். எட்டு வருடமாக அப்படித்தான். "கூடப் பிறக்காத தங்கச்சிம்மா நீ," என்பார்.

கெடுவுக்கு மூன்று நாள் இருந்தது. காலை பத்தரைக்குத் தட்டினார். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். முதலில் மூன்று மூன்றாகத் தட்டினார், பிறகு ஒழுங்கில்லாமல். பதினொன்றேகாலுக்கு நின்றது. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. நாலு மணிக்குத் திறந்து, அக்கம்பக்கம் கூடும்படி அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

மறுநாள் கீழ்வீட்டு நர்ஸ் வீட்டைக் காலி செய்து, பெட்டியோடு வந்து நின்றாள். சத்தமில்லாமல் ரெஜிஸ்டர் கல்யாணம் முடித்திருக்கிறாள். மாப்பிள்ளை வெளியூரில் பஸ் ஓட்டுகிறாராம். இந்தத் தேதியில் கிளம்புவது இரண்டு மாதம் முன்பே முடிவானதாம்.

"எப்படியும் ஒரு வீடு குறையப்போகுதுன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்ககிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊர்ல எங்கப்பா காதுக்குப் போயிடுமேக்கா," என்றாள்.

அதிகாரி வந்தார். ஐந்து என்று எழுதிக்கொண்டு போனார்.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கதவைத் திறந்திருப்பேன். நீங்கள் விசாரிக்க வேண்டியது அவளைத்தான், சார்.