நவம்பர் முதலாம் திகதி வரை

பாரிஸில் குளிருக்கு வீட்டைச் சூடாக்குகிற ஷோபாஜை எப்போது போடுவது என்ற கேள்வியில் எந்த இரண்டு வீடும் ஒத்துப்போவதில்லை. எங்கள் கட்டடத்தையே பாருங்கள். இரண்டாம் மாடி இராஜதுரை அண்ணை வீட்டில் செப்டம்பர் பாதியிலேயே சுவரில் கை வைத்தால் இளஞ்சூடு தெரியும். அவருக்கு மூட்டுவலி. கீழ்மாடிப் பிரெஞ்சுக்கார அம்மா, யன்னல் கண்ணாடியில் மூச்சு படியும்வரை பொறுத்திருப்பார். செவ்ரானில் இருக்கும் என் சிநேகிதி யோகராணிக்கு இந்தக் கவலையே இல்லை. அங்கே முழுக் கட்டடத்துக்கும் ஒரே கொதிகலன், யாரோ முடிவெடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் கொதிகலன் குசினிக்குள் இருக்கிறது. அதை இயக்கும் வெள்ளைப் பெட்டி நடையில், சுவரில் இருக்கிறது. முடிவு எங்கள் கையில். எங்கள் கையில் என்றால், என் கணவர் ஸ்ரனிஸ்லாஸின் கையில்.

மடம், நீங்கள் கேட்டது இந்த ஒக்டோபரைப் பற்றி. அவருடைய சட்டத்தைச் சொல்லாமல் ஒக்டோபரைச் சொல்ல முடியாது. மொழிபெயர்க்கிற பிள்ளை பாண்டிச்சேரி போலிருக்கிறது. என் தமிழ் விளங்காத இடத்தில் கையைக் காட்டட்டும், திருப்பிச் சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை.

நவம்பர் முதலாம் திகதி சகல புனிதர் திருநாள். இங்கே துசான் என்பீர்கள். துசானுக்குப் பூசை கண்டு வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் ஷோபாஜ். அதற்கு முன் பனி கொட்டினாலும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் அப்படித்தான் இருந்தோம். காலுக்கு மேசோடு இரண்டு சோடி போடுவோம், வெந்நீர்ப் போத்தலைக் கட்டிலில் வைப்போம், மகன் ஜோன்சனை அடுப்பு எரியும் குசினிக்குள் வைத்துக் குளிப்பாட்டுவேன். அவன் பள்ளிக்கூடப் பாடத்தைக் கையுறையோடு எழுதுவான்.

அவர் கெட்டவரல்ல. இதை எழுதிக்கொள்ளுங்கள். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டார். உணவகக் குசினியில் நாள் முழுக்க அடுப்பின் முன் நின்றவர். வீட்டுக்கு வரும்போது உடம்பு கொதித்துக்கொண்டு வரும். எங்கள் வீட்டுக் குளிர் அவருக்கு ஆறுதல். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, யன்னலைத் திறந்து, "ஆ, இப்பத்தான் மனுசன் மூச்சு விடலாம்" என்பார். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சோறு போடுவேன். நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். ஆனால் ஒரே காலநிலையில் இருந்ததில்லை. அதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. ஒன்றிரண்டு தரம் முயன்றிருப்பேன்.

"உடம்பைப் பழக்கவேணும் மலர். பழக்கினால் குளிர் ஒண்டும் செய்யாது" என்பார்.

என் முழுப்பெயர் அற்புதமலர். அது உங்களிடம் இருக்கிறது.

இந்த மார்ச் மாதம் அவர் குளியலறையில் விழுந்தார். மூளையில் இரத்தக் கட்டி. வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஜூன் மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் லா சப்பலில் சேலைக் கடையில் வேலை செய்தவள். வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். முன்னறையில், ரயில் பாதையைப் பார்த்த யன்னலுக்குக் கீழே, ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றைப் போட்டோம். உண்ணக் கொடுத்தேன், துடைத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன். ஐந்து மாதத்தில் முதுகில் ஒரு புண் வரவில்லை. வீட்டுக்கு வரும் தாதி மரி-லூயிஸைக் கேளுங்கள், சொல்வார்.

பேச்சில் ஒரு சொல் மட்டும் அவருக்கு மிஞ்சியது. ஓம். அந்த ஒன்றுதான். பசிக்குதோ என்றால் ஓம். பசிக்கேல்லையோ என்றால் அதற்கும் ஓம். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாலும் ஓம்தான் வரும், அது நோயின் இயல்பு, அவருடைய விருப்பமென்று எடுக்கவேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் எனக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினார்கள். நான் கேட்டுக்கொண்டேன்.

ஒக்டோபர் முதற்கிழமையே குளிர் வந்துவிட்டது. இராஜதுரை அண்ணை படியில் கண்டு, "தங்கச்சி, அவருக்காண்டி எண்டாலும் இந்த முறை வெள்ளணப் போடுங்கோ" என்றார். நல்ல மனிதர். நான் மேலே வந்து கட்டிலருகே இருந்து அவரிடம் முறைப்படி கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, குளிருதோ?"

"ஓம்."

"ஷோபாஜைப் போடட்டோ?"

"ஓம்."

"இல்லாட்டில் துசான் மட்டும் பொறுப்பமோ?"

"ஓம்."

கடைசியாகச் சொன்னதைத்தான் எடுக்கவேண்டும் என்று நினைத்தேன். முப்பத்திரண்டு வருடம் அவர் சொன்னதும் அதுதானே. அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைத்துவிட்டேன்.

நீங்கள் மேசையில் வைத்திருக்கிற கடதாசியை நான் மறுக்கவில்லை. அந்த வெள்ளைப் பெட்டியைப் போன வருடம் ஜோன்சன்தான் மாற்றினான். எப்போது போட்டோம், எப்போது நிறுத்தினோம் என்று எல்லாவற்றையும் அது குறித்து வைக்குமென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறுவிதமாகச் செய்திருப்பேன் என்று நினைக்கவில்லை. காலை ஏழரைக்குக் கோடு ஏறுகிறது, எட்டே முக்காலுக்கு இறங்குகிறது. ஒவ்வொரு நாளும் அப்படித்தான். துசான்வரை போடுவதில்லையென்றால் இது என்ன என்று கேட்டீர்கள். மரி-லூயிஸ் எட்டு மணிக்கு வருவார். வீட்டுக்கு வருகிற மனுசியைக் குளிரில் நிற்பாட்டக் கூடாது. அவர் மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, "உங்கள் வீடு எவ்வளவு இதமாக இருக்கிறது" என்பார். எனக்குச் சந்தோசமாக இருக்கும். ஒரு நாள், இவருடைய வலக்கை குளிர்ந்திருக்கிறதே என்று கேட்டார். அந்தப் பக்கம் இரத்தோட்டம் குறைவுதானே என்றேன். ஓம் என்று தலையாட்டினார்.

மரி-லூயிஸ் போனதும் பெட்டியை நிறுத்துவேன். பிறகு யன்னலைத் திறப்பேன். நோயாளி இருக்கிற அறைக்குக் காற்று வேண்டும். அதன் பிறகு அவரைத் துடைப்பேன். தாதி துடைத்ததுதான், ஆனாலும் நானும் ஒருமுறை துடைப்பேன், தண்ணீரை நன்றாகத் தொட்டு, தலை முதல் கால் வரை. துவாயால் ஒற்றினால் தோல் உரியுமென்று தானாகக் காயவிடுவேன். கம்பளியைத் தோய்த்துப் போட்டேன். அது காய மூன்று நாள் எடுக்கும். காய்ந்ததும் மறுபடி தோய்த்தேன். அந்த நாட்களில் மெல்லிய விரிப்பு ஒன்று இருந்தது. நான் குசினிக்குள் அடுப்பைப் பற்றவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, செபமாலை சொல்வேன்.

அவருக்கு இடக்கை வேலை செய்தது. நடைப் பக்கம், பெட்டி இருக்கிற சுவரைக் காட்டுவார். நாள் முழுக்க அந்தக் கை அப்படியே நிற்கும். தோள் வலிக்கப்போகிறதே என்று கட்டிலைத் திருப்பிப் போட்டேன். பிறகு அவருக்கு யன்னலும் ரயிலும் மட்டும்தான் தெரியும். கை இறங்கிவிட்டது.

ஜோன்சன் கார்ஜ் லே கொனெஸில் இருக்கிறான். தன் தொலைபேசியிலிருந்தே எங்கள் வீட்டு ஷோபாஜைப் போட அவனால் முடியும். இரண்டு தரம் போட்டான். இரண்டு தரமும் நான் நடைக்குப் போய் நிறுத்தினேன். இரண்டாம் தரம் போன் எடுத்தான். அவன் பிரெஞ்சில்தான் கேட்பான், நான் தமிழில்தான் சொல்வேன்.

"ஏன் நிறுத்தினீர்கள் அம்மா?"

"அப்பாவுக்கு வேர்க்குதடா. உனக்குத் தெரியும்தானே அவரின்ரை குணம்."

அவன் சிரித்தான். அவருடைய குணம் அவனுக்குத் தெரியும். அதன் பிறகு அவன் தொடவில்லை. அவனிடம் இதைக் கேட்டு அவனை வருத்தவேண்டாம். பொய் சொன்னது நான்.

எதற்காக என்று கேட்கிறீர்கள். ஜோன்சனுக்கு முன்னே எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை. றெஜினா. தொண்ணூற்றிமூன்றாம் ஆண்டு ஒக்டோபர் நான்காம் திகதி, மாதம் நிறையாமல் பிறந்தது. அப்போது பின்வளவுப் பக்கம் ஓர் அறையில் இருந்தோம். யன்னலுக்குக் கீழே மின்சார ஷோபாஜ் ஒன்று, பக்கத்தில் அதைத் திருகிப் போடுகிற உருண்டைக் குமிழ். ஆஸ்பத்திரியால் வந்த அன்றே கேட்டேன். துசானுக்குப் போடலாம் என்றார். பிள்ளையை என் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன். இருபத்தைந்தாம் நாள் அது அழுவதை நிறுத்தியது. அழாமல் கிடக்கிறதே, சுகமாகிவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நிறைய நேரம் பேசினார். எனக்கு அப்போது பிரெஞ்சு ஒரு சொல் தெரியாது. ஸ்ரனிஸ்லாஸ் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் சொன்னார்: "குளிராலை இல்லையாம் மலர். நெஞ்சிலை கிருமியாம். ஒண்டும் செய்திருக்க ஏலாதாம்." டாக்டர் அப்படித்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்லியிருக்கலாம். அந்த வருடம் நவம்பர் முதலாம் திகதி அவர் தன் கையால் ஷோபாஜைப் போட்டார். அறை முழுக்கச் சூடு வந்தது. தொட்டிலை அதற்கு முதல் நாள்தான் மடித்து வைத்திருந்தோம்.

பிறகும் சமைத்தேன், அவரோடு படுத்தேன், ஜோன்சனைப் பெற்றேன், பூசைக்குப் போனேன். ஒரு நாளும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஒவ்வொரு ஒக்டோபரும் குளிரில் இருந்தேன். அது எனக்குப் பழகிவிட்டது.

கடைசிக் கிழமை பள்ளிக்கூட விடுமுறை. மரி-லூயிஸ் லீவில் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்த பிள்ளைக்கு அவசரம். மேலங்கியைக் கழற்றாமலே ஊசியைப் போட்டுவிட்டு ஓடினாள். கழற்றாதபடியால் அந்த நாட்களில் காலையில் ஷோபாஜைப் போடவில்லை. கடதாசியில் கோடு தரையில் கிடக்கிறதே, அந்த நான்கு நாள்தான்.

இருபத்தெட்டாம் திகதி அவர் நன்றாக நடுங்கினார். கட்டில் கம்பி சத்தம் போட்டது. இருபத்தொன்பதாம் திகதி மத்தியானம் நடுக்கம் நின்றது. நடுக்கம் நின்றால் குணம் என்று வேறொருவர் நினைத்திருக்கலாம். எனக்கு அது என்னவென்று தெரியும். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கையைப் பிடித்திருந்தேன். "இன்னும் மூண்டு நாள்தான் இருக்குது அப்பா" என்றேன். அவர் சொன்ன அந்த ஒரு சொல்லும் அன்று வெளியே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

மறுநாள் பின்னேரம் மூன்றரைக்கு மூச்சு நின்றது. கண்ணை மூடி, சுவாமிப் படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். யன்னல்களைச் சாத்தினேன். கம்பளியை எடுத்துப் போர்த்தினேன். பிறகு நடைக்குப் போய் ஷோபாஜை இருபத்திரண்டுக்கு வைத்தேன். ஆட்கள் வரப்போகிறார்கள், குளிரில் நிற்கக் கூடாது. அறை சூடான பிறகுதான் அவசர உதவிக்கு அடித்தேன். மூன்று நாற்பதுக்குப் பெட்டி, நாலு இருபதுக்குத் தொலைபேசி. நீங்கள் குறித்து வைத்திருப்பது சரி. வந்த டாக்டர் அவருடைய உடம்பையும் அறைச் சுவரையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். அப்போதே அவருக்கு விளங்கியிருக்கவேண்டும்.

ஆகவே நான் அவரைக் கொன்றேன். தற்செயல் அல்ல, களைப்பு அல்ல, மறதி அல்ல. சட்டத்தரணி வந்து மனவருத்தம் அது இது என்று சொன்னால் எடுக்கவேண்டாம். என் பிள்ளையைக் குளிரில் வைத்துக் கொன்றவரை நான் குளிரில் வைத்துக் கொன்றேன். இதில் கூடக்குறைய ஒன்றுமில்லை. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது என்கிறீர்கள். தாளை நிரப்புவதற்காகத்தான், தொண்ணூற்றிமூன்றில் பிள்ளை இறந்த அந்தக் கிழமை அவர் வீட்டில் இருந்தாரா என்று.

இல்லை. ஓர்லெயோனில் ஓர் உணவகத்தில் வேலை. திங்கள் போனால் ஞாயிறுதான் வருவார். அறையில் தொலைபேசி கிடையாது. பிள்ளை வெள்ளிக்கிழமை இறந்தது. ஐந்து நாளும் நானும் பிள்ளையும்தான் இருந்தோம்.

ஷோபாஜ் பழுதாகியிருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை, நல்லாக வேலை செய்தது. குமிழ் கட்டிலில் படுத்தபடியே எட்டும் தூரத்தில் இருந்தது. ஒருதரம் கையும் வைத்தேன். திருகவில்லை.

மொழிபெயர்க்கிற பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் தமிழ் எல்லாம் விளங்கியிருக்கிறது.

"பிள்ளை, இதை மட்டும் மடத்துக்குப் பிரெஞ்சிலை சொல்லவேண்டாம்" என்றேன். "மற்ற எல்லாத்துக்கும் நான் கையெழுத்து வைக்கிறன்."