மூணாவது மாடிக்கு யார் குடிவர்றது?

— வந்தவங்களைத் துரத்தி விட்டுட்டு இப்ப என்னைப் பாத்து முழிச்சா? பதில் சொல்லுங்க.

— நான் எங்க துரத்தினேன்? நாலு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். வீடு வாங்கி வாடகைக்கு விடுறதைப் பத்தி யூட்யூப்ல ஒருத்தன் போடுற வீடியோல என்ன சொல்றான்னா, நல்லா விசாரிக்காம ஒருத்தரைக் குடிவச்சா அப்புறம் நாமதான் அவஸ்தைப்படணும்னு...

— ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவீங்கன்னு கேக்கச் சொன்னானா உங்க வீடியோக்காரன்? இப்பதான் கல்யாணம் ஆன ஜோடிங்க அது. அந்தப் பொண்ணு எங்க பாக்குறதுன்னு தெரியாம சீலிங்கைப் பாத்துச்சு.

— கீழ் வீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு கேட்டேன்மா.

— சுவத்துல ஆணி அடிப்பீங்களா, குழாயை வேகமாத் திறப்பீங்களான்னு வேற. ஏங்க, குழாயைத் திறக்காம தண்ணியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களா?

— சத்தம் போடாத. படியில யாரோ வர்றாங்க.

— நான்தான்டா. தாராளமாச் சண்டை போடுங்க, கீழ வாசல் வரைக்கும்தான் கேக்குது. அய்யோ... இருங்க, மூச்சு வாங்கிக்கிறேன்.

— வாங்க அண்ணி. சரியான நேரத்துக்கு வந்தீங்க. உங்க தம்பியை நீங்களே கேளுங்க.

— என்னக்கா, இன்னைக்குக் கடை இல்லையா?

— கண்ணாடிக் கடைக்கு மத்தியானத்துக்கு மேல எவன் வர்றான்? சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். தம்பி வீடு வாங்கியிருக்கான், வாங்கியிருக்கான்னு கடை பூரா சொல்லியாச்சு, நான் இன்னும் உள்ள வந்தே பாக்கல. வரலாமா முதலாளி?

— சும்மா இருக்கா.

— அவர் முதலாளி ஆகுறதுக்கு முதல்ல ஒருத்தர் குடிவரணும் அண்ணி. அடுத்த மாசத்துலேர்ந்து பேங்குக்குத் தவணை கட்டணும். வாடகை வந்தாத்தான் கட்டவே முடியும். இவர் என்னடான்னா வர்றவங்களை எல்லாம் போலீஸ் மாதிரி நிக்க வச்சுக் கேள்வி கேக்குறார்.

— எல்லாரும் என் கேள்விக்கா போனாங்க? பாதிப் பேர் லிஃப்ட் இல்லைன்னு போனாங்க.

— அதுவும் யார் செஞ்ச வேலை? ஊர்ல இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் வைத்தியம் பாக்குற மனுஷன், லிஃப்டே இல்லாத கட்டடத்துல மூணாவது மாடியை வாங்கி வச்சிருக்கார்!

— அதனாலதான் நம்மால வாங்க முடிஞ்சுது. முதல் வீடு சின்னதா, பஸ் ஸ்டாப் பக்கத்துல இருக்கணும், அது மேல மனசை வைக்கக் கூடாது. இது நாம இருக்கிறதுக்கு வாங்கல, சம்பாதிக்கிறதுக்கு வாங்கினது.

— மனசை வைக்காதவர்தான் ஞாயித்துக்கிழமை வந்து ஜன்னல் கம்பியை ஒவ்வொண்ணாத் துடைச்சார் அண்ணி. நான் லேப்ல பாக்காத ரத்தமா? ஒரு கம்பி இவர் விரலைக் கிழிச்சதுக்கு அப்படிக் கத்துறார்.

— விடும்மா, பாவம். ஏன்டா, இந்த ரூம் கதவு சரியாச் சாத்துதா?

— சாத்தும்க்கா. எண்ணெய் போட்டிருக்கேன்.

— உள்தாழ்ப்பாள்? ... ம். நல்லாத்தான் விழுது. காலைல வெயில் இந்தப் பக்கமா வரும்?

— ஆமா, சமையல் மேடை வரைக்கும் வரும். ஏன்க்கா, நீயும் குடிவர்றவங்க மாதிரியே எல்லாத்தையும் தட்டிப் பாக்குற?

— குடிவர்றதுக்குத்தான்டா பாக்குறேன்.

— நல்லாச் சொன்னீங்க அண்ணி! கேளுங்க, நல்லாக் கேளுங்க. அப்பதான் அவருக்குத் தெரியும்.

— நான் பத்து மணிக்கெல்லாம் தூங்கிடுவேன். ஆணி ஒண்ணே ஒண்ணு அடிப்பேன், காலண்டர் மாட்ட. குழாயை மெதுவாத் திறக்கிறேன். வேற ஏதாவது கேக்கணுமா ஓனர் சார்?

— அக்கா... நீ விளையாடலையா?

— மூணு மாடி ஏறி வந்தாடா விளையாடுவாங்க?

— அண்ணி, என்ன இது திடீர்னு? நான் ஏதாவது சொல்லிட்டேனா? என் வாய் சும்மா இருக்காது, எதையாவது மனசுல வச்சுக்கிட்டு...

— நீ ஒண்ணும் சொல்லலம்மா. ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா, நான் படுத்திருக்கிற ஹாலுக்கு வர்றதுக்கு முன்னாடி இருமிட்டு வர்ற பாரு. இத்தனை வருஷமா. உன் வீட்ல நீ எதுக்கும்மா இருமணும்?

— நீங்க தூங்கிட்டிருப்பீங்களே, திடுக்குனு எழுந்துடக் கூடாதேன்னுதான்...

— தெரியும். அதனாலதான் இதுவரைக்கும் சொல்லல. இவன் என் கட்டில் கிட்ட டிவி போடக் கூடாதுன்னு, பால்கனில குளிர்ல நின்னுக்கிட்டு காதுல மாட்டிக்கிட்டு வீடியோ பாப்பான். இப்படியே போனா இவன் பெரிய பணக்காரனாகுறதுக்கு முன்னாடி சளி பிடிச்சே படுத்துடுவான்.

— அக்கா, அம்மா போனதுலேர்ந்து நீ எங்களோடதான் இருக்க. நாங்க உனக்கு என்ன குறை வச்சோம்?

— குறை ஒண்ணும் வைக்கலடா. கதவுதான் இல்ல. இத்தனை வயசுல ஒரு கதவைச் சாத்திட்டு உள்ள உக்காரணும்னு ஆசையா இருக்கு. அது தப்பா?

— ஏங்க, பேசுங்க. எல்லாத்துக்கும் வீடியோ இருக்குமே உங்ககிட்ட.

— வீடியோல அடிச்சுச் சொல்றான்க்கா, சொந்தக்காரங்களை மட்டும் குடிவைக்காதேன்னு. வாடகை கேக்க வாய் வராதாம்.

— நீ ஏன் கேக்குற? ஒண்ணாந்தேதி தானா உன் அக்கவுண்டுக்கு வந்துடும். ஆனா குழாய் ஒழுகுதுன்னா நான் கேப்பேன். வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டு வரணும். இன்னொரு சாவி உன்கிட்ட இருக்கக் கூடாது.

— சாவி இருக்கட்டும்க்கா! திடீர்னு உனக்கு உடம்பு சரியில்லன்னா?

— உன் பொண்டாட்டிகிட்ட குடுத்து வைக்கிறேன். அவ இருமிட்டு வருவா.

— அய்யோ அண்ணி, இப்ப சிரிக்கிறதா அழறதான்னு தெரியல எனக்கு.

— சரி, இரு நீ. ஆனா வாடகை கிடையாது. கூடப்பிறந்தவகிட்ட வாடகை வாங்கிட்டு நான் எப்படி நிம்மதியாச் சாப்பிடுவேன்? சும்மா இருந்துட்டுப் போ.

— சும்மாவா? தவணையை யாரு, உங்க வீடியோக்காரன் வந்து கட்டுவானா? வாங்கினாலும் ஜனங்க என்னைத்தான் பேசும். நாத்தனாரை வெளிய அனுப்பிட்டு வாடகையும் கறக்குறா பாருன்னு. அண்ணி, வேணாம் அண்ணி. ஹால்ல ஒரு தட்டி வச்சு மறைச்சுக் குடுக்குறோம்.

— தட்டிக்குத் தாழ்ப்பாள் போட முடியாதும்மா. நீங்க ரெண்டு பேரும் கஷ்டப்பட வேணாம். கடைக்குப் பின்னாடி ஒரு வீடு, மார்க்கெட் பக்கம் ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். ரெண்டுலயும் லிஃப்ட் இருக்கு.

— என்னது? எப்பலேர்ந்து பாக்குற?

— நீ வீடு தேட ஆரம்பிச்சதுலேர்ந்து. அதே வீடியோக்காரன்தான்டா. குடிபோறவங்க என்ன கேக்கணும்னு தனியா ஒண்ணு போட்டிருக்கான்.

— பாத்தீங்களா! உங்க குருவே உங்களைக் கவுத்துட்டான்.

— என்னால முடிவெடுக்க முடியலக்கா. வாடகை வாங்கினாலும் கஷ்டம், வாங்கலன்னாலும் கஷ்டம். இரு, முதல் வீடு வாங்கினவங்க குரூப் ஒண்ணு இருக்கு, அதுல கேட்டுப் பாக்குறேன். "வணக்கம். சொந்த அக்கா நம்ம வீட்டுக்குக் குடிவரக் கேக்குறாங்க. அவங்களைக் குடிவைக்கலாமா, வேண்டாமா?"

— அழி அதை. உன் அக்காவைக் குடிவைக்கலாமான்னு ஊரைக் கேப்பியா? போனைக் குடு, நான் எழுதுறேன். "வணக்கம். நான்தான் அந்த அக்கா. ஐம்பது வயசு தாண்டிடுச்சு, முதல் தடவையா தனியா குடிபோறேன். தம்பி வீட்டைப் பிடிச்சிருக்கு. ஆனா வாடகை வாங்க மாட்டேங்கிறான். வாடகை குடுக்காம இருந்தா அது மறுபடியும் தம்பி வீட்டு ஹால்தான். அவன் வாங்கிக்கலன்னா நாளைக்கு மார்க்கெட் பக்கத்து வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துடுவேன். இப்ப மூணு பேரும் இந்தக் காலி வீட்டுத் தரையில உக்காந்திருக்கோம். கூடப்பிறந்தவங்களுக்கு வீடு விட்டவங்க, கூடப்பிறந்தவங்க வீட்ல குடியிருந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க: வாடகை வாங்கினீங்களா, குடுத்தீங்களா? அதுக்கப்புறமும் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய் வர்றீங்களா? கீழ எழுதுங்க. இவன் படிக்கிறான்."