ஆள் வேண்டாத அடுப்பு

ஒரு பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி, முழுதாக வேகப் பதினான்கு மணி நேரம் ஆகும். ஆல்வினின் பழைய இரும்பு அடுப்பில் நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை விறகு வைக்க வேண்டும். ஆக மொத்தம் இருபத்தொரு தடவை. உங்கள் வீட்டிலும் ஒரு புகையடுப்பு இருக்கும், தம்பி. இந்தக் கவுண்டியில் அது இல்லாத கொல்லை ஏது? இருபத்தொரு தடவை எழுந்து போவதைவிடப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவது எளிது. என் கணவர் ஆல்வின் முப்பத்து நான்கு வருடம், சனிக்கிழமை தவறாமல், அப்படித்தான் உட்கார்ந்தார்.

அவர் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் உங்கள் மேசையில் இருக்கிறது. பிப்ரவரி பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அணையாத அடுப்பைக் கவனக்குறைவாக என் தங்கை லியோனாவின் அறை வராந்தாவுக்குள் தள்ளி வைத்ததாகவும், கரியிலிருந்து வந்த நச்சுக்காற்றில் அவள் இறந்துபோனதாகவும் அதில் எழுதியிருக்கும். அவர் நேர்மையானவர். நினைவில் இல்லாததைக்கூட ஒப்புக்கொள்வார். அதில் ஒரு திருத்தம் சொல்ல வந்திருக்கிறேன்.

கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன். நகராட்சித் தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

எனக்கு ஆஸ்துமா. ஓக் விறகின் புகை பத்து நிமிடம் பட்டால் மார்பு இறுகிவிடும். அதனால் சனிக்கிழமைகளில் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு உருளைக்கிழங்கு சாலட் செய்வேன், வெங்காயம் நறுக்குவேன், கண்ணாடி வழியாக அவர் முதுகைப் பார்ப்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. நெருப்பு அவரைப் பிடித்து வைத்திருந்தது. நெருப்போடு யார் சண்டை போடுவது?

மூன்று வருடத்துக்கு முன் லியோனாவின் கணவர் இறந்தார். அவளை எங்களோடு வந்து இருக்கச் சொன்னது நான்தான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொல்லையில் எனக்கு ஒரு தையல் அறை இருந்தது. ஆல்வின் அதைப் படுக்கையறையாக மாற்றிக் கொடுத்தார். தையல் மிஷின் சமையலறை மூலைக்கு வந்தது.

வந்த முதல் சனிக்கிழமையே காலை ஆறு மணிக்கு இரண்டு கோப்பைக் காப்பியோடு அடுப்பருகே போனாள். அவள் நுரையீரலுக்கு ஒன்றுமில்லை. எவ்வளவு புகையிலும் சிரிப்பாள். ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துக் கேட்பேன். இருமல் வந்தால் வாயில் துண்டை வைத்துக்கொள்வேன்.

"ஆல்வின், உன் கறி மேல்தோலும் உன் தலை மாதிரியே ஆயிட்டு வருது. நடுவுல ஒன்னையும் காணோம்" என்பாள்.

"முடி போனா என்ன? ருசி போகலையே" என்பார் அவர்.

"அதை வெர்னா அக்காதான் சொல்லணும்."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்த வேடிக்கையில் என் பெயரும் இருந்தது. நான்தான் அங்கே இல்லை.

அவர்களுக்குள் தப்பாக எதுவும் நடக்கவில்லை. மூன்று வருடம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியும். ஒரு விரல்கூடப் பட்டதில்லை. பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்படி ஒன்று நடந்தால் ஒரு மனைவி என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பதற்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஆல்வின் தன் தம்பியைக்கூட விறகைத் தொட விடமாட்டார். போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்றில் ஒன்பது தடவை விறகு வைத்தது லியோனா.

அதற்குப் பிறகுதான் புது அடுப்பு வாங்கலாம் என்று நினைத்தேன். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். ஆல்வினுக்கு அறுபத்து மூன்று வயது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து விறகு தூக்குகிற வயது இல்லை அது. அதிகம் பார்த்துக்கொள்ளத் தேவையில்லாத ஒன்றைத் தேடினேன். மூன்று வாரம் ஆனது. மின்சாரப் பெட்டி அடுப்பில் கறிக்கு மணம் ஏறாது. மரத்தூள் குச்சியில் எரிவது தானாகவே தீனி போட்டுக்கொள்ளும், ஆனால் மின்சாரம் போனால் நின்றுவிடும், அடிக்கடி உள்ளே சாம்பலைச் சுரண்ட வேண்டும். கடைசியில் பீங்கான் அடுப்பு. முட்டை மாதிரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். கனமான சுவர், தள்ளிக்கொண்டு போக அடியில் சக்கரம். ஒரு தடவை கரி நிரப்பினால் பதினெட்டு மணி நேரம் தாங்கும். மேலே ஒரு காற்றுத் துவாரம், கீழே ஒன்று. இரண்டையும் சரியாக வைத்துவிட்டால் சூடு ஐந்து டிகிரிகூட அசையாது.

கடைக்காரர் வாயாடி. "இத வாங்கினீங்கன்னா ஆளே வேண்டாம்மா. காலையில பத்த வெச்சுட்டு சர்ச்சுக்குப் போங்க, பிரசங்கத்துல நல்லா தூங்குங்க, வந்து மூடியத் தெறங்க. கறி உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கும்" என்றார்.

ஆளே வேண்டாமா என்று இன்னொரு தடவை கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். அன்றைக்கே வாங்கிவிட்டேன்.

செப்டம்பரில் ஆல்வினின் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூடியைத் தூக்கினார், இறக்கினார். ரொம்ப நல்லா இருக்கு என்று இரண்டு தடவை சொன்னார். லியோனாதான், "ஆல்வின், உன்ன வேலையிலேர்ந்து தூக்கிட்டாங்க போலிருக்கே" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவர் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமையை நான் மறக்க மாட்டேன். நாலு மணிக்குக் கரியைப் பற்றவைத்தார், கறியை ஏற்றினார், உள்ளே வந்தார். ஆப்ரிகாட் வைத்த கொலாச்சி ரொட்டியும் காப்பியும் மேசையில் தயாராக வைத்திருந்தேன். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் கண்ணாடியில் சாம்பல் தூள் இருந்தது, துடைத்துக் கொடுத்தேன். கூரையில் ஒழுகுகிற இடத்தைப் பற்றிப் பேசினோம். பேச்சு நடுவில் எழுந்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்து நான்கு வருடப் பழக்கம் ஒரே நாளில் போகாது. ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறு மணிக்கு லியோனா காப்பியோடு வந்தாள். யாரும் தேவைப்படாத ஒரு அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் மாலை வரை உட்கார்ந்திருந்தார்கள். விறகு வைக்கிற வேலையும் இல்லாததால் பேச்சு நடுவில் நிற்கவே இல்லை.

அன்று சாயந்திரம் அவரிடம், "அங்க இன்னும் என்ன வேலை?" என்று கேட்டேன்.

"வேலை ஒன்னுமில்ல, வெர்னா. சும்மாதான்" என்றார்.

பழைய அடுப்பு இருந்தவரை என்னிடம் ஒரு பதில் இருந்தது, தம்பி. அவர் நெருப்புக்காக உட்கார்ந்திருக்கிறார் என்ற பதில். மூன்று வாரம் தேடி, நல்லதாகப் பார்த்து வாங்கி, அந்தப் பதிலை நானே எடுத்துவிட்டேன்.

நவம்பரில் குளிர் வந்தது. லியோனாவின் அறைக்கு முன்னால் கொசுவலை அடித்த சின்ன வராந்தா ஒன்று உண்டு. ஆல்வின் அந்த வலைமேல் தடித்த பிளாஸ்டிக் தாளை ஒரு இடைவெளி விடாமல் ஆணி அடித்துக் கொடுத்தார். அவள் கால் விறைக்கிறதாம். அறையில் புகையோ நச்சுக்காற்றோ வந்தால் கத்துகிற ஒரு எச்சரிக்கை மணி இருந்தது. சனிக்கிழமைப் புகைக்கெல்லாம் கத்துகிறது என்று வந்த வருடமே அவள் பாட்டரியைக் கழற்றிவிட்டிருந்தாள். நானும் ஆல்வினும் அதற்காக அவளைக் கேலி செய்திருக்கிறோம்.

இப்போது பிப்ரவரிக்கு வருகிறேன். சனிக்கிழமை எங்கள் சபையில் ஒரு அடக்கம் இருந்தது. அதனால் அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சமைத்தார். விலா எலும்புக் கறிதான், ஆறு மணி நேர வேலை. பன்னிரண்டரைக்குக் கறியை எடுத்து, காற்றில்லாமல் கரி அணையட்டும் என்று இரண்டு துவாரங்களையும் மூடிவிட்டு வந்தார். சாப்பிட்டோம். லியோனா நிறையச் சாப்பிட்டாள். என் சாலட்டை இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். பிறகு ஆல்வின் மூன்று பீர் குடித்துவிட்டு டிவி முன்னால் குறட்டை விட ஆரம்பித்தார். அவள் கொஞ்சம் படுக்கிறேன் என்று தன் அறைக்குப் போனாள்.

இரண்டு இருபதுக்கு மழை தொடங்கியது. சூடான பீங்கான்மேல் மழை விழுந்தால் விரிசல் விடும் என்று ஆல்வினுக்கு ஒரு பயம். வலை மட்டும் இருந்த காலத்தில், மழை வந்தால் அடுப்பை அந்த வராந்தாவுக்குள் தள்ளி வைப்பார். பிளாஸ்டிக் அடித்த பிறகு அவர் ஒரு தடவைகூட அப்படிச் செய்யவில்லை. ஆனால் தூக்கக் கலக்கத்தில் கை பழைய வழியில் போயிருக்கும் என்று அவரே நம்பிவிட்டார்.

ஐந்தே முக்காலுக்கு அவளுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போனது அவர்தான். ஆம்புலன்ஸ் வந்து போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானா அத உள்ள தள்ளுனேன்?" என்று கேட்டார். நான், "மழை வந்துச்சு, ஆல்வின்" என்றேன். மழை வந்தது உண்மை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் இன்று வந்தேன் என்று உங்களுக்குப் புரியும். புது அடுப்பை உங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆல்வின் இப்போது தினமும் நாலு மணிக்கு எழுந்து பழைய இரும்பு அடுப்பின் பக்கத்தில் போய் உட்கார்கிறார். பற்றவைப்பதில்லை. புகை இல்லை, எனக்கு இருமல் வராது. முதல் நாளே நானும் இரண்டு கோப்பைக் காப்பியோடு போனேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவர் கோப்பையை வாங்கித் தரையில் வைத்தார். பிறகு, "வெர்னா, அது லியோனா உக்கார்ற எடம்" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். நான் எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாலையில் உள்ளே வருவார். மேசையில் உட்காருவார். "நான்தான் அவள கொன்னேன்" என்பார். தினமும் அதே வாக்கியம். நான் சமைத்ததைச் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை விறகு வைக்கிற மாதிரி அந்தக் குற்றத்தை எரியவிட்டுக்கொண்டிருக்கிறார். அணைய விடமாட்டார். மீதி நாளெல்லாம் அதோடுதான் இருப்பார், நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருப்பேன்.

அது அவருடையது இல்லை, தம்பி. அவளோடு சேர்த்து வைத்துக்கொள்ள அவருக்கு இதுவும் வேண்டுமா? இருபத்து மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். இதை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

ஆல்வின் அன்றைக்கு நாற்காலியைவிட்டு எழவே இல்லை. அடுப்பை வராந்தாவுக்குள் தள்ளியது நான். கீழே இருந்த துவாரத்தைத் திறந்ததும் நான். மூடியே வைத்தால் உள்ளே ஈரம் தங்கும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். மேலே இருந்ததையும் கொஞ்சம் திறந்தேன்.

நீங்கள் பேனாவை வைத்துவிட்டீர்கள். உங்களை வளர்த்தவர்கள் நன்றாக வளர்த்திருக்கிறார்கள். "அணைஞ்சிருக்கும்னு நெனச்சிருப்பீங்கம்மா, மழையில பதறிப்போய் செஞ்சிருப்பீங்க, அப்படியே எழுதிக்கட்டுமா?" என்று கேட்கிறீர்கள். அப்படி எழுதினால் நான் இன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்பதும் எனக்குத் தெரியும். அவரும் மெல்ல மெல்ல என்னை மன்னித்துவிடுவார்.

ஆனால் அப்படி எழுதினால் அது விபத்து. விபத்து யாருக்கும் சொந்தமில்லை. அவர் மறுபடியும் அதில் பங்கு கேட்பார். பிளாஸ்டிக் அடித்தது நான் என்பார்.

பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். லியோனா தூங்கியிருக்கவில்லை. சக்கரம் உருளும் சத்தம் கேட்டு அறைக் கதவைத் திறந்தாள். போர்வையைத் தோளில் சுற்றியிருந்தாள். அடுப்பின் பக்கம் கையை நீட்டிக் காட்டினாள். "அக்கா, சூடு எவ்வளவு எதமா இருக்கு. இந்தக் கதவ இப்படியே தெறந்து வெச்சுக்கறேனே. கரி அணைஞ்சிடுச்சுல்ல?" என்று கேட்டாள்.

என் உள்ளங்கை அதன் மூடிமேல் இருந்தது. சுட்டுக்கொண்டிருந்தது.

"அணைஞ்சு ரொம்ப நேரமாச்சு, லியோனா. நீ தூங்கு" என்று சொன்னேன்.